முதலில் பேரைச் சொல்

"பேரைச் சொன்னாத்தான் வண்டி கிளம்பும். சொல்லுடி, யாரு அவன்?"

ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ அறை வாசலில் கபாசோ வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றான். உள்ளே வலியில் சுருண்டு கிடந்தாள் அவன் மனைவி சூங்கு. பனிக்குடம் உடைந்து, விரிப்பெல்லாம் பச்சை நிறத்தில் நனைந்திருந்தது.

"தம்பி, இந்தப் பச்சை எவனோட கறையும் இல்லை," என்றாள் நர்ஸ் கசூபா. "குழந்தை திணறிப்போய் உள்ளேயே மலம் கழிச்சிருக்கு. அதை மூச்சுல இழுத்துட்டா ஆபத்து. துடிப்பும் குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்கு. உன் வண்டியை எடு."

"பிரசவம் சிக்கினா கள்ளப் புருஷன் பேரைச் சொல்லணும்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, சிஸ்டர்? ஏய், அந்தக் கரிக்கடைக்காரனா? சர்ச்சுல மேளம் அடிக்கிறவனா? அவன்கிட்டே பல்லைக் காட்டினியே!"

"உன்னைக் கட்டினதுக்கு அந்த மேளத்தையே கட்டியிருக்கலாம்," என்று முனகினாள் சூங்கு.

துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் குனிந்தாள் கசூபா. கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்ததும் சூங்கு அழுதுகொண்டே சொன்னாள்:

"முலெங்கா. பெரியாஸ்பத்திரி டாக்டர்."

கபாசோ கட்டிலருகே பாய்ந்தான். டாக்டரா!

"வா. அவன் மூஞ்சிக்கு நேராவே கேக்கறேன்!"

அவளை அள்ளி வண்டியின் பின்தட்டில் கிடத்தினான். கசூபாவும் அவளோடு ஏறிக்கொண்டாள். செம்மண் சாலையில் ஆடுகள் சிதறி ஓடின. அவன், தான் பார்த்தே இராத முலெங்காவின் விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தான். சுத்தமாக, சோப்பு மணத்தோடு இருக்கும். கருவாடு விற்கும் தன் விரல்களிலோ, எத்தனை கழுவினாலும் அந்த நாற்றம். வண்டியை இன்னும் விரட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. சூங்குவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கபாசோவும் கத்தியபடியே பின்னால் ஓடினான்.

"எங்கேடா அந்த முலெங்கா? வெளியே வாடா!"

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. நரைத்த தலையில் தொப்பியை இழுத்துவிட்டபடி ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நான்தான்பா முலெங்கா. துடிப்பு இருக்கு, நல்ல நேரத்துல கொண்டுவந்துட்டே. கத்தாம உட்காரு. 'உங்க பேரைச் சொல்ல வெச்சிருக்கேன், புருஷன்காரன் பறந்து வருவான், எல்லாம் தயாரா வைங்க'ன்னு கசூபா வழியிலேயே போன் பண்ணிட்டா."