மலிவுச் சக்கரம்

பிற்பகல் வெயில் சைக்கிள் கடைக்குள் பாதி தூரம் வந்து நிற்கிறது. தனக்குக் கப்பலில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, இரண்டு கார்பன் சக்கரங்களை, டூட்டி முடித்து வந்த நர்ஸ் வெளியே எடுக்கிறாள். மெக்கானிக் ரிம்மைச் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான். "மலிவுச் சரக்குக்கா. இறக்கத்துல பிரேக் புடிச்சா ரிம் உருகிடும். நான் மாட்டமாட்டேன்." "என் வண்டில பிரேக் புடிக்கிறது சக்கரத்துக்கு நடுவுல இருக்குற டிஸ்க் தட்டை. ரிம் எப்படிப்பா உருகும்?" அவளே தரையில் உட்கார்ந்து டயரை ஏற்றி, காற்றடித்து, அச்சை முறுக்குகிறாள். மணிக்கட்டு வரை கிரீஸ். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், அது துளி ஆட்டமில்லாமல் சுற்றுகிறது. "ஞாயித்துக்கிழமை மலைப் பந்தயத்துக்கு வர்றவங்க எல்லாம் சின்னப் பசங்க. உங்க வயசுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" "பேர் குடுத்தாச்சு" என்றபடி வண்டியைத் தெருவில் இறக்குகிறவள், வீட்டுக்குப் போகும் வழியை விட்டு மேட்டுப் பக்கம் திருப்புகிறாள்.