முதல் தண்ணீர்

கரைமேல் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

“ஏறி வாங்க. தண்ணி வருது, எல்லாரும் ஏறி வாங்க.”

கீழே, காய்ந்த ஆற்று மணலில், ஊரே நின்றது. மேளம். சூடம். பூக்கூடை. முதல் தண்ணீர் வரும் நாளில் ஆற்றுக்குள் இறங்கி நின்று அதைக் காலில் வாங்குவது கடைமடை வழக்கம்.

“தண்ணி வரணும்னுதானேடி நிக்கிறோம்” என்றாள் ஓரகத்தி வாசுகி.

சிரித்தார்கள்.

வாசுகியின் பக்கத்தில், மஞ்சளும் நெல்லும் வைத்த தட்டோடு இலக்கியா. பட்டுப் பாவாடை.

கரைமேல் ஓடி வந்தவளின் மகள். காலையில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட மகள். தட்டு ஏந்த ஒரு சிறுமி வேண்டும் என்று பெரியம்மாக்காரி வாசுகி பள்ளிக்கூடத்துக்கே போய் அழைத்து வந்திருக்கிறாள். ஆற்றுக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரி இப்போதுதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“இது வேற தண்ணிக்கா. மேல எல்லாக் கதவையும் தூக்கிட்டாங்க. கரை முட்ட வருது” என்று கரையிலிருந்து கத்தினாள்.

அவர்கள் அறிந்த முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகத் தவழ்ந்து வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் நடந்து ஊருக்குள் கூட்டி வருவார்கள்.

இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. இந்த வருஷம் மலையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அணை தாங்கவில்லை.

அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சொல்வது யார் என்றுதான் பார்த்தார்கள்.

தாலி அறுத்தவள் முதல் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. புருஷன் செத்த வருஷம், அந்த நினைவில்லாமல் கரையில் வந்து நின்றுவிட்டாள். அவன் அண்ணன், மச்சாண்டார், அவள் மயிரைப் பிடித்துத் தெரு நீளத்துக்கும் இழுத்துப் போனார்.

யாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆறு காய்ந்தது. பழி அவள் தலையில்.

“ரெண்டு வருசம் ஆத்தக் காயப் போட்டது பத்தலியா ஒனக்கு?” என்றது ஒரு குரல்.

“இலக்கியா, தட்டப் போட்டுட்டு வா.”

மகள் தலை குனிந்துகொண்டாள். தண்ணீர் காலில் படும்வரை ஏந்திய தட்டை இறக்கக் கூடாது. வாசுகி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

தாய் சரிவில் சறுக்கி இறங்கினாள். மச்சாண்டார் மறித்துத் தள்ளினார். புல்லைப் பற்றி எழுந்தாள். மறுபடி இறங்கினாள்.

இந்த முறை அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரைமேல் போட்டார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் திரும்பிப் போனார்.

மேற்கே இரைச்சல் கேட்டது.

குலவை போட்டார்கள்.

வளைவில் முதலில் வந்தது நுரை அல்ல. வேரோடு ஒரு தென்னை மரம்.

குலவை பாதியில் நின்றது.

“அம்மா” என்றாள் இலக்கியா. அந்த ஒரு சொல்தான் கேட்டது.

பிறகு கரைமேல் அவள் மட்டும் இருந்தாள்.

மேல் ரெகுலேட்டரில் ஷட்டர் ஏற்றி இறக்கும் அவள் தம்பி காலையிலேயே போன் செய்திருந்தான். அப்போது பள்ளிக்கூட பஸ் போய்விட்டிருந்தது; ஊரில் ஒருவரும் ஆற்றுக்குக் கிளம்பியிருக்கவில்லை.

“எல்லார்கிட்டயும் சொல்லிடுக்கா” என்றான்.

சொல்லிடறேன் என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, உலை வைத்தாள்.