கறுப்பு டெலிபோன்

வள்ளி எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் படம் பொய்யாக விழுந்தது.

கலியமூர்த்தி சோதனைக்கு எடுத்த அந்தப் போலராய்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புள்ளி போட்ட கவுன். நெற்றிக்கு மேல் சுருட்டி நிறுத்திய முடி. காதில் கனமான கறுப்பு டெலிபோன், அதன் சுருள் ஒயரில் ஒரு விரல். முப்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் காலண்டர்களில் ஒரு பெண் எப்படி நிற்பாளோ, அப்படியே நின்றாள்.

முகத்தில் மட்டும் ஏதோ இல்லை. எது இல்லை என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு மின்விசிறிக் கம்பெனியின் காலண்டர் அது. விளம்பர ஆபீசில் இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக முழுப் பொறுப்பையும் அவரிடம் விட்டிருந்தார்கள். தில்லி தர்யாகஞ்சில் இந்த மாடி ஸ்டுடியோவைப் பிடித்தது, போட்டோகிராபர் சேத்தியையும் மேக்கப்புக்கு ருக்மிணியையும் சேர்த்தது, கவுனுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தது, எல்லாம் அவர்தான். மற்ற மாதங்கள் முடிந்துவிட்டன. டிசம்பர் மட்டும் பாக்கி.

வள்ளி பாங்கில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை ஓவர்டைம் என்று கிட்வாய் நகர் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்பா திரும்புவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஏஷியாட் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை அவளுக்குக் கான்பூரில் புது பிராஞ்ச்.

இன்று படம் விழாவிட்டால் டிசம்பர் இல்லை. டிசம்பர் இல்லாத காலண்டரை யார் வாங்குவார்கள்?

ருக்மிணி உதட்டுச் சாயத்தை ஒரு பூச்சு கூட்டினாள். சேத்தி விளக்கை நகர்த்தினார்.

"ஹஸோ பேட்டா, ஹஸோ."

வள்ளி சிரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"போன் மட்டும் அசல் சரக்கு, மூர்த்தி சாப்," என்றார் சேத்தி இந்தியில். "எங்கே பிடித்தீர்கள்?"

"ஒரு வீட்டிலிருந்து."

"அவர்கள் தேட மாட்டார்களா?"

"மாட்டார்கள்."

சொல்லிக்கொண்டே கலியமூர்த்தி மறுபடியும் போலராய்டைப் பார்த்தார். இந்த முறை தெரிந்துவிட்டது. வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கிறது, காது கேட்கவில்லை. ரிசீவரை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லாமல் நிற்கிற முகம் அது. அவருக்கு நன்றாகப் பழகிய முகம்தான். அதனால்தான் இவ்வளவு நேரம் கண்ணில் படவில்லை.

அவர் பக்கத்து அறைக்குப் போனார். ஸ்டுடியோக்காரரின் போனைச் சுவர்ப் பெட்டியிலிருந்து கழற்றினார். டார்ச் செல்கள் ஆறை வரிசையாக வைத்து, செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டினார். கொஞ்சம் ஒயர், ஒரு ஸ்க்ரூடிரைவர். கதவுக்கு அடியில் ஒயரை விட்டு வள்ளியின் போனோடு இணைத்தார். ருக்மிணி தாண்டிப் போகும்போது புடவையைத் தூக்கிக்கொண்டு, "என்ன சார், பாம் வைக்கிறீங்களா?" என்றாள். அவர் கை வேலையாக இருந்தது.

பிறகு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ. கேக்குதாம்மா?"

"அரே, கேக்குது அங்கிள். நிஜமாவே கேக்குது."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. போனில் என்ன பேசுவார்கள்? தெரிந்ததைப் பேசினார்.

"நீ பேசறேல்ல, அந்த வாய்ப்பக்கம் உள்ள கரித்தூள் இருக்கு. உன் குரல் பட்டா அது நெருங்கும். நெருங்கினா கரண்ட் கூடுதலா ஓடும். விலகினா கொறையும். அந்த ஏத்த எறக்கம்தான் என் காதுல குரலா வருது. அப்ப உன் குரல் ஒயருல வரலை, பாத்துக்க. ஒயருல வர்றது வெறும் கரண்ட்டு…"

வள்ளி சிரித்துவிட்டாள். கதவு இடுக்கு வழியாகக் காமிராவின் கிளிக் கேட்டது.

"அங்கிள், போன்ல யாராச்சும் இதைச் சொல்வாங்களா? சாப்பிட்டியான்னு கேளுங்க."

"சாப்ட்டியா?"

"இல்ல. கவுன் டைட்டு. நீங்க?"

அவர் தயிர்சாதம் என்றார். காலையில் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தது, பால் அதிகம் விட்டால் மதியத்துக்குப் புளிக்காது, எவ்வளவு விடுவது என்பது குளிரைப் பொறுத்தது என்றார். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே அவள் விரல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கிளிக். கிளிக்.

சேத்தி பிலிம் மாற்றுவதற்காக நிறுத்தினார். வள்ளி போனை வைக்கவில்லை.

"இதோட டயல்ல ஒரு நம்பர் இருக்கு அங்கிள். யார் நம்பர்?"

"என் வீட்டோடது."

"ஐயோ, இன்னிக்குக் கழட்டிட்டு வந்தீங்களா? யாராச்சும் கூப்பிட்டிருந்தா?"

"இன்னிக்கு இல்லம்மா. ஒத்திகைக்குன்னு போன மாசமே கழட்டினது."

வள்ளி ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் வள்ளி. "ஊறுகாய் என்ன தொட்டுக்கிட்டீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே சேத்தி "ஹோ கயா, பர்ஃபெக்ட்" என்று வேலை முடிந்ததைச் சொல்வது கேட்டது. வள்ளி இன்னும் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

டெலிபோன் படம் உயிரோடு விழ வழி இதுதான். இந்தப் போனின் ஒரு ஒயரை அந்தப் போனின் ஒரு ஒயரோடு முறுக்க வேண்டும். மிச்சமுள்ள இரண்டையும் பேட்டரியின் இரு முனைகளில் கட்ட வேண்டும். பிறகு, அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்க வேண்டும்.