ஒரு லாஸ்ட் நேமுக்கு ஒரு சீட்டு

"எனக்கெதுக்கு கண்ணு ஓட்டு? எங்க வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றார் சாந்தி ஆன்ட்டி, வாடகை ஹாலின் கிச்சனில் சாம்பாரைக் கிளறியபடியே.

வான்மதிக்கு முகம் வாடிவிட்டது. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், அவர்களுடைய தமிழ் மன்றத்தில் குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதான். அதைப் போடுவது எப்போதும் கணவன்மார்கள். 'பெண்களுக்கும் தனி ஓட்டு' என்ற அவளுடைய தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. மளிகைக்கடை வாசல், டேகேர் பார்க்கிங் என்று ஒரு இடம் விடாமல் பெண்களைப் பிடித்துப் பேசியிருந்தாள். தலையாட்டாத பெண்ணே கிடையாது. தலையாட்டி என்ன செய்ய, ஓட்டுச் சீட்டு அவர்கள் கையில் இல்லையே!

"அங்கிள்கிட்டயாவது சொல்லுங்க ஆன்ட்டி. கோயம்புத்தூர் மில்லுல செங்கொடி பிடிச்சவர்தானே?"

"அவரு பிரசிடென்ட்டு. நாஞ் சொன்னா கேப்பாருங்கறயா?"

அந்த நேரம் பார்த்து வெங்கடாசலம் அங்கிளே அங்கு வந்தார். "என்னம்மா, ஸ்காட்லாந்து இன்னும் முடியலையா?"

யுனிவர்சிட்டியில் வான்மதி ஆராய்ச்சி செய்வது, ஸ்காட்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் ஓட்டுரிமைக்காகத் தெருத்தெருவாக அலைந்த பெண்களைப் பற்றி.

"எங்க முடியும் அங்கிள்? அங்கயும் சில சோஷலிஸ்ட் தோழர்கள் உங்கள மாதிரிதான். 'முதல்ல எல்லாத் தொழிலாளிக்கும் ஓட்டு வரட்டும், பொம்பளைங்க வெயிட் பண்ணட்டும்'னாங்க."

"நான் வேண்டாம்னா சொல்றேன்? முதல்ல மன்றத்துக்கு ஒரு பில்டிங் வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் ஓட்டுச் சீட்டு கொடுக்கும் வாசல் மேஜைக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தவன் வான்மதியின் கணவன் சபரி. இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பாமல் சரிசெய்யும் ஒய்டூகே வேலைக்காக அமெரிக்கா வந்தவன்.

"சபரி, சொன்னது ஞாபகம் இருக்கில்ல? லாஸ்ட் நேமை டைப் பண்ணிப் பாரு. ஒரு லாஸ்ட் நேமுக்கு ஒரு சீட்டுதான். போன வருஷம் மாதிரி ஒரே வீட்டுல ரெண்டு பேர் போட்டுட்டுப் போயிரக் கூடாது."

"ஓகே அங்கிள்."

அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். மைக் கிடைத்த தோழர் சீக்கிரம் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

வான்மதி சுவரோரமாக நின்றாள். தோற்றுவிடுவோம் என்றே தோன்றியது.

"ஏய், நீயும் வந்து சீட்டு வாங்கிக்க" என்று கூப்பிட்டான் சபரி.

"நீங்கதான் போட்டுட்டீங்களே!"

"நான் சபரிநாதன் மயில்சாமி. நீ வான்மதி சபரிநாதன். என் லாஸ்ட் நேம் எங்கப்பா பேரு. உன் லாஸ்ட் நேம் என் பேரு. ரூல்படி நாம ரெண்டு குடும்பம்!"

வான்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஹாலில் யார் வீட்டில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே லாஸ்ட் நேம்? விஷயம் பரவ, மேஜை முன்னால் புடவைகளாக வரிசை கட்டி நின்றன.

அங்கிள் பேசி முடித்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னப்பா அநியாயம் இது?"

"நீங்க போட்ட ரூல்தான் அங்கிள்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, என் சீட்டையாவது குடு."

சபரி தட்டிப் பார்த்தான். "சாரி அங்கிள். நீங்க இனிஷியலை விரிச்சு ராமசாமி வெங்கடாசலம்னு வெச்சுக்கிட்டீங்க. ஆன்ட்டி சாந்தி வெங்கடாசலம். ஒரே லாஸ்ட் நேம். உங்க வீட்டு ஓட்டு போட்டாச்சு."

தீர்மானம் ஜெயித்தது. 'அப்பாடா!' என்று வான்மதிக்கு மூச்சு வந்தது. ஓடிப்போய் சாந்தி ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"ஓட்டே வேண்டாம்னீங்களே ஆன்ட்டி! நல்லவேளை, அங்கிள் இப்படி ஒரு ரூல் போட்டாரு."

"ஒண்ணு போதும்னுதான கண்ணு சொன்னேன்" என்றார் ஆன்ட்டி, சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தபடி. "அதுவுமில்லாம, அவருக்கேது அந்த மூளை? 'லாஸ்ட் நேமைப் பாத்துச் சீட்டுக் குடுங்க, குழப்பமே வராதுங்க'ன்னு போன வாரம் தோசை ஊத்தும்போது நாந்தான் சொல்லிவெச்சேன்!"