விழும் கலையில் முதலிடம்

குளியலறையில் வழுக்கி விழுந்த கலாமணி, அடிபடாமல் விழும் கலையில் கோவை மாவட்டத்திலேயே முதலிடம் வாங்கியவள். சோபாவில் சாய்ந்து, பாடத்தை நேரே மூளைக்குள் ஏற்றும் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டே ஜூடோ முழுவதையும் கற்றுக் கறுப்பு பெல்ட் பெற்றிருந்தாள். இப்போது யாரும் பாயில் விழுந்து புரள்வதில்லை. அதெல்லாம் முரட்டுத்தனம் என்று பயிற்சி நிலையம் எப்போதோ பாயைச் சுருட்டிவிட்டது.

விழுகிற நொடியில் எல்லாமே நினைவுக்கு வந்தது. தாடையை நெஞ்சோடு ஒட்டு, முதுகை வளை, கையை ஊன்றாதே. பாடம் பிசகவில்லை. கை அதன்பாட்டுக்கு ஊன்றியது. மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது.

ஓடிவந்த கணவன் திருமூர்த்தியும் கறுப்பு பெல்ட்தான். வாசலில் நின்று கவனமாகப் பார்த்தான்.

"கைய ஊனிட்டயா? அது தப்பாச்சே."

"தெரியுமுங்க. நூத்துக்கு நூறு வாங்குனவ நானு. மொதல்ல தூக்கி விடுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அக்குளுக்குக் கீழ கையக் குடுக்கோணும். முட்டிய மடக்கோணும். இடுப்ப ஒட்ட வெக்கோணும்." ஒரு வார்த்தை தப்பவில்லை. கைகள் மட்டும் பாக்கெட்டிலேயே இருந்தன.

"சொல்லாதீங்க. தூக்குங்க."

அவன் பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டுப் பேசினான். பிறகு உள்ளே போய்ப் பட்டையை எடுத்துவந்து, ஈரத்தரையில் கிடந்தவளின் நெற்றியில் பக்குவமாகக் கட்டினான்.

"எந்திரிக்கற பாடம் போட்டிருக்கறேன். கொஞ்ச நேரந்தான்."

சற்று நேரத்தில், எழுந்து நிற்பதிலும் கலாமணி முழு மதிப்பெண் வாங்கினாள். தரைதான் முதுகுக்குச் சில்லென்று இருந்தது.