இருட்டுக்கு யார் பொறுப்பு?

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். இல்லைன்னா மாணவர் தலைவர் குழுவையே கலைச்சிடுவேன்" என்றார் தலைமையாசிரியர்.

அந்தக் குழுவைக் கவனித்துக்கொள்ளும் மிஸ் சரியென்று தலையை ஆட்டினார். ஆட்டியதில் தலைவலி இன்னும் ஒரு சுற்று ஏறியது.

நடந்தது இதுதான். மாணவர் தலைவர்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காக 'சிங்கத்துக்குப் பல்வலி' என்று ஒரு நாடகம் போட்டார்கள். கதை, வசனம், அட்டைப் பல் எல்லாம் அவர்களுடைய சொந்தச் சரக்கு. "பசங்களே யோசிக்கட்டும் சார், பசங்களே நடத்தட்டும். நான் பொறுப்பு" என்று மல்லுக்கு நின்று அனுமதி வாங்கியவர் மிஸ்.

சிங்கம் வாயைத் திறக்க, முயல் குறடை உள்ளே விடுகிற நேரத்தில் கூடத்து விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்ததால் கும்மிருட்டு. சின்னக் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓட, ஒரு குழந்தை பெஞ்சிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. தையல் போட வேண்டியதாயிற்று.

தலைவலி தாங்காமல் நாடகத்தின் நடுவிலேயே எழுந்து போய் ஓய்வறையில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த மிஸ் அலறல் கேட்டு ஓடி வருவதற்குள், யாரோ விளக்கைப் போட்டிருந்தார்கள். மின்சாரத்தின் மேல் பழிபோட வழியில்லை. யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் இந்தக் குழு வட்டமாக உட்கார்ந்து பேசுவது வழக்கம். அதற்கு மிஸ் வைத்த விதி ஒன்றே ஒன்று. அவரவர் தப்பை அவரவர் சொல்ல வேண்டும்; அடுத்தவர் பேரை இழுக்கக் கூடாது.

இன்றும் உட்கார்ந்தார்கள். மிஸ்ஸும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

"யாரு அணைச்சது? திட்டுறதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. சொல்லிடுங்க."

"நான்தான் மிஸ்" என்றான் சிங்கமாக நடித்தவன். "என் வால் சுவிட்ச்ல மாட்டிக்கிச்சு."

"நீ மேடை நடுவுல வாயைப் பொளந்துக்கிட்டு நின்னே. சுவிட்ச் கதவுக்குப் பக்கத்துல இருக்கு. அது வாலா, ரயில் வண்டியா?"

"கொஞ்சம் நீளமான வால் மிஸ்."

"அவன் இல்லை மிஸ், நான்" என்றான் முயல். "குறடு கைதவறிப் பறந்து போய் சுவிட்ச் மேல விழுந்துடுச்சு."

"அட்டைக் குறடா?"

முயல் குறடை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

திரை இழுத்தவன், சுவிட்ச் மேல் உட்கார்ந்திருந்த கொசுவை அடித்ததாகச் சொன்னான். பாட்டுப் போட்ட பெண், "பயங்கரமான இடமாச்சே, இருட்டா இருந்தா நல்லா இருக்கும்னு நானே யோசிச்சு அணைச்சேன் மிஸ். சொந்தக் கற்பனை" என்றாள்.

"நானும்தான் மிஸ்" என்றான் அடுத்தவன்.

"நானும்தான்னா? வரிசையில நின்னு ஆளுக்கு ஒரு தடவை அணைச்சீங்களா?"

கடைசியாகக் குழுத் தலைவி எழுந்தாள். "நான்தான் மிஸ். காரணம் எதுவும் இல்லை. என் பேரைக் குடுத்துடுங்க."

மிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. ஒரு வருடம் முழுக்க இந்த வட்டத்தில் கத்தியது எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கா?

"கற்பனையை நாடகத்தோட நிறுத்திக்கங்க. நமக்குள்ள நாமே பார்த்துக்கத்தான் இந்த வட்டம். செஞ்சதைச் செஞ்சேன்னு ஒத்துக்கற தைரியம் ஒருத்தருக்குக்கூட இல்லை. நாளைக்கு நீங்க எல்லாம் எதுக்குத் தலைமை தாங்கப் போறீங்க? போங்க."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி வெளியே போனார்கள். தலைவி மட்டும் போகவில்லை. சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி மிஸ்ஸின் கையில் வைத்தாள்.

"இதைக் குத்திக்கிட்ட அன்னைக்கு உங்கம்மா போட்டோ எடுத்து சொந்தக்காரங்களுக்கு எல்லாம் அனுப்பினாங்களே" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ். சித்தப்பா அதை ஃபிரேம் போட்டு மாட்டிட்டார். அதை எப்படிக் கழட்டச் சொல்றதுன்னுதான் தெரியலை."

"அப்புறம் ஏன்மா? நீ அணைக்கலைன்னு எனக்குத் தெரியும். மேடையில சிங்கத்துக்குப் பின்னாடி மரமா நின்னே."

அவள் பேட்ஜ் குத்தியிருந்த இடத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டாள்.

"யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மிஸ். எல்லாரும்தான் பார்த்தோம். வேணும்னு செய்யலை. ஏதோ யோசனையில கை அதுவா போயிடுச்சு. அணைச்சது அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"யாரைக் காப்பாத்துறே? ஹெச்.எம். கேட்டா நான் யார் பேரைச் சொல்றது?"

"எங்க பேரைச் சொல்லுங்க. எங்களுக்குப் பேட்ஜ்தான் போகும். அவங்களுக்கு வேலையே போயிடும்."

"எதுவானாலும் நான் பார்த்துக்கறேன். பேரை மட்டும் சொல்லு."

"அடுத்தவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க."

"இப்ப நானே கேக்கறேன். சொல்லு."

அவள் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்:

"வட்டத்துல ஏழு பேர் உட்கார்ந்தோம் மிஸ். ஆறு பேர்தான் ஒத்துக்கிட்டோம்."