எட்டாவது கோடு

திரையில் அலை தெருவைவிட உயரமாக எழுந்து நின்றபோது, மகள் அம்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பற்றிக்கொண்டாள்.

கண்ணாடி போன்ற நீலம். அதற்குள்ளே மீன்கள், ஒரு சைக்கிள், ஒரு தொட்டில். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் அவள் கணவன் சிரித்தான். வாய்விட்டு.

முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவளுக்கு உடம்பு கூசியது.

வெளியே வந்ததும் எட்டு வயது மகள் கேட்டாள். "அப்பா, பனியெல்லாம் உருகினா நம்ம வீட்டுக்கும் கடல் வருமா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரையறது, கண்ணு. அப்பா துறைமுகத்துல தினமும் கடலை அளக்கிற ஆளு. எங்கிட்ட சொல்லாம அது வந்துருமா?"

மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடப் பையைக் காலி செய்தாள். ஒரு கவுன், டார்ச், பூனையின் கிண்ணம் மூன்றையும் உள்ளே வைத்து மூடி, தலையணை ஓரம் நிறுத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பிள்ளை நடுங்குது, உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"ரெண்டு நாள்ல மறந்துருவா."

"கேக்கிற பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லணும். படம் எடுத்தவங்க எல்லாம் முட்டாளு, நீங்க ஒருத்தர்தான் மேதாவியா?"

அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்து போனான்.

மறுநாள் காலை துவைத்த போர்வையோடு அவள் பின்கதவைத் திறந்தாள். நாலு படி இறங்கினால் உப்பங்கழி. கடல் ஏறினால் இதுவும் ஏறும், வடிந்தால் வடியும். இப்போது வடிந்திருந்தது. ஆனால் மேல்படிவரை ஈரம்.

கணவன் குந்தியிருந்தான். கையில் ஆணி.

"இங்க என்ன பண்றீங்க?"

அவன் சட்டென்று நகர்ந்து மறைக்கப் பார்த்தான். முடியவில்லை.

படியோரக் கட்டைச் சுவரில் அவள் இதுவரை கவனிக்காத கீறல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக எட்டுக் கோடுகள். பக்கத்தில் தேதிகள். கதவு நிலையில் மகளின் உயரத்தைக் குறித்து வைக்கிற அதே பொடி எழுத்து. கீழே கோடுகள் நெருக்கமாக இருந்தன. மேலே போகப் போக விலகியிருந்தன. எட்டாவது, நிலைப்படிக்கு நாலு விரல் கீழே. அதில் சுண்ணாம்புத் தூள் இன்னும் உதிரவில்லை.

"எப்பலேருந்து?"

"இவ பிறந்ததிலேருந்து. வருஷத்துல தண்ணி ரொம்ப ஏறின நாளைக்கு ஒரு கோடு."

அவள் எட்டாவது கோட்டின்மேல் கை வைத்தாள். மேலே மிச்சமிருந்த இடம் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

"அவ படத்தைப் பாக்கல. என் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தா."

உள்ளேயிருந்து சின்னக் காலடிகள் ஓடி வந்தன.

"அம்மா, அங்க தண்ணி வந்திருக்கா?"

"இல்லம்மா, வா."

ஈரப் போர்வையை ஓங்கி உதறி, எட்டுக் கோடும் மறையும்படி அவள் சுவர்மேல் விரித்தாள்.